ஒரு காதுக்கு மட்டும்

அத்தியாயம் 11

ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையை அம்மா துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்து நான்கு நாட்கள் ஆகிவிட்டன. அதற்குள் இருந்த ஸ்கேன் படத்தை அவள் ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை.

"என் வயிறு எனக்குத் தெரியாதா? அதைப் போய்ப் படத்துல வேற பாக்கணுமாக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

வயிற்றில் ஒரு கட்டி. திறந்து பார்த்தால்தான் எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில், பஸ்ஸில், அம்மா மகளின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. ஆபரேஷன் முடிந்து, பிழைத்தால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மகளை வீட்டில் பூனை என்று கூப்பிடுவார்கள். நடந்தால் சத்தம் வராது. பேசினாலும் அவ்வளவாக வராது. முப்பது வயதாகியும் அந்தப் பெயர் உதிரவில்லை. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ முழுக்க முழுக்கச் சத்தத்தோடு.

அப்பா வானொலியில் கால்பந்து வர்ணனை செய்கிறவர். ஊர் ஊராகப் போவது அவர் தொழில். ஆனால் பதினோரு மாதங்களுக்கு முன் இந்த வீட்டை விட்டுப் போனது தொழிலுக்காக அல்ல. அம்மாவின் அண்ணன் இறந்த அன்று அவர் ஏதோ ஒரு மைதானத்தில் இருந்தார். இடைவேளையில் செய்தி போனது. 'பாதியில விட்டுட்டு எப்படி வர்றது' என்று கேட்டுவிட்டு, இரண்டாவது பாதியையும் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது, முகம் பார்க்க முகம் இல்லை.

அம்மா திட்டவில்லை. வீட்டில் இருந்த ரேடியோவைத் துடைத்து எடுத்துவந்து அவருடைய பயணப்பெட்டியின் மேல் வைத்தாள். அவ்வளவுதான். அப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது வானொலி நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறார்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது ஒரே ஒரு வழியாகத்தான்.

அது வீட்டின் கடைசி அறையில் இருந்தது. சுவரெல்லாம் பழைய போர்வைகளை அடித்து, ஜன்னலில் இரட்டைத் திரை போட்டு, பூனை அதைத் தன் வேலை அறையாக மாற்றியிருந்தாள். மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர், ஏற்றி இறக்கும் மூன்று ஸ்லைடர்கள் கொண்ட சின்ன ஒலி மிக்ஸர், ஒரு ஹெட்போன், ஒரு மேசை மைக்.

அப்பாவிடம் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் மைக்கையும் ஹெட்போனையும் சொருகி, இணைய வயரை மாட்டினால் போதும். எத்தனை தூரத்து மைதானமாக இருந்தாலும் அவர் குரல் இந்த அறைக்கு வந்துவிடும். இரண்டு கோல் கம்பங்களுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மைக். அவர் குரல் ஒரு ஸ்லைடர், இடது கம்பம் ஒன்று, வலது கம்பம் ஒன்று. மூன்றையும் கலந்து பூனை நிலையத்துக்கு அனுப்புவாள். நிலையம் ஊருக்கு அனுப்பும்.

மேசை மைக்கின் அடியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திக்கொண்டு பேசினால் அவள் குரல் அப்பாவின் காதுக்கு மட்டும் போகும். வேறு யாருக்கும் கேட்காது. விரலை எடுத்தால் நின்றுவிடும். இரண்டு கைகளும் வேறு வேலையில் இருந்தால், பொத்தானை அழுத்தி முன்பக்கம் தள்ளிவிடலாம், அப்படியே நிற்கும். பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு எரியும்.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். நாளைக் காலை பத்து மணிக்கு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

"கேக்குதா அப்பா?"

குரல் போய்ச் சேர ஒரு வினாடி, பதில் திரும்பி வர ஒரு வினாடி. அந்த இரண்டு வினாடி பூனைக்குப் பழகியிருந்தது.

"கேக்குது. சாப்டியா?"

"ம். லெவல் பாக்கணும், ஏதாவது பேசுங்க."

"என்னத்தைப் பேச? இந்த வர்ணனைக் கூண்டுல மூணு பேர் இருக்கோம். நான், கால் ஆடற நாற்காலி, ரெக்கை இல்லாத ஃபேன். மூணுல நான்தான் கொஞ்சம் தேவல."

பூனை சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் இல்லாததால் அது அவருக்குப் போகவில்லை.

"சிரிச்சியா?"

"ம்."

"சொல்லிட்டுச் சிரி. இங்க எனக்கு எப்படித் தெரியும்?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கே கிளம்பிடலாம்னு பாத்தேன். ரயில் ஆறு இருபதுக்கு. ஆட்டம் முடியறதும் ஆறு இருபதுக்குத்தான். ரயில்காரன் என்னைக் கேட்டு வெச்சிருந்தா பத்து நிமிஷம் தள்ளி வெச்சிருப்பான். இனிமே நாளைக்குக் காலை வண்டிதான். எப்பப் போனா என்ன, என் அறைல யாரு காத்துக்கிட்டு இருக்கா."

பூனை வலது கம்பத்தின் ஸ்லைடரைக் காரணமில்லாமல் ஏற்றி இறக்கினாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் அவர் இதைக் கேட்பார். எல்லாரும் என்றால் வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தியோடு அவரே பேசிக்கொண்டிருக்கிறார். மற்றவளின் பெயரை எடுக்காமல் கேட்க அவருக்குத் தெரிந்த வழி இதுதான். பூனை ஒவ்வொரு தடவையும் 'ம்' என்பாள். அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

இன்று அந்த 'ம்' தொண்டையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"என்ன, லைன் இழுக்குதா?"

"கொஞ்சம்."

"பாத்துக்கோ. கடைசி ஆட்டம். சொதப்பினா அடுத்த பருவம் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

நிலையத்து லைன் அவளுடைய இடது காதில் உயிர் பெற்றது. அங்கே இருந்த ஷிஃப்ட் அதிகாரிக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'அஞ்சு நிமிஷம்'. தீப்பிடித்தாலும் அஞ்சு நிமிஷத்தில் அணைக்கச் சொல்கிறவர்.

"ரெடியாம்மா? அஞ்சு நிமிஷம்."

"ரெடி சார்."

*

முதல் பாதியில் நீலச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பாவின் குரல் நல்ல நிலையில் இருந்தது. பந்து நடுக் கோட்டில் உருளும்போது அவர் பேச்சும் உருளும். யாராவது அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் மூச்சே விட மாட்டார். அப்படிப்பட்ட நேரத்தில் பூனை கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்குப் படம் கிடையாது. அவர் கண்தான் அவளுக்கும் கண்.

அப்படிப் பேசுகிற மனிதர் வீட்டுக்கு வந்தால் மௌனச் சாமியாராகிவிடுவார். அம்மா முன்பெல்லாம் சொல்வாள்: "ஊருக்கெல்லாம் பரிமாறிட்டுக் காலிப் பாத்திரத்தைக் கழுவ வீட்டுக்குக் கொண்டு வர்றாரு."

இடைவேளையில் இடது கம்பத்து மைக்கில் ஒரு ரீங்காரம் கிளம்பியது. யாரோ அதன் பக்கத்தில் விளக்கு வயரை இழுத்துப் போட்டிருந்தார்கள். பூனை பேச்சுப் பொத்தானைத் தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளாலும் மிக்ஸரில் வேலை செய்துகொண்டே, "அப்பா, இடது பக்கம் யாரையாவது அனுப்பி அந்த வயரைத் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லி அனுப்பினார். ரீங்காரம் நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து இடது காதில் அஞ்சு நிமிஷம் வந்தார். விளம்பரம் ஒன்று குறைகிறது, சீக்கிரம் மைதானத்துக்குத் திரும்ப வேண்டும், தயாரா, தயாரா, தயாரா.

"தயார் சார்."

இரண்டாவது பாதி ஆரம்பித்துவிட்டது. பொத்தான் தள்ளியபடியே நின்றது. மேசை மைக்கின் மேல் சாய்ந்துகிடந்த குறிப்பு நோட்டு அந்தச் சிவப்பு விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது.

*

இருபது நிமிட ஆட்டம் போயிருக்கும். அறைக் கதவு திறந்தது.

ஒலிபரப்பு நேரத்தில் அம்மா இந்த அறைக்கு வருவதே இல்லை. முன்னறையில் இருக்கும் தையல் மெஷினைக்கூட ஆட்டம் முடிகிறவரை ஓட்ட மாட்டாள். யாராவது கேட்டால், "கண்ணுக்கு ஓய்வு" என்பாள். இன்று நேராக வந்து, மேசைப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

பூனை ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்தினாள்.

"ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சுடி. நாளைக்கு இல்லையாம். இன்னிக்கு ஒன்பது மணிக்குள்ள வந்து படுத்துக்கணுமாம். காலைல ஏழரைக்கு முதல் ஆளா எனக்குத்தான் கத்தி வெக்கப் போறாங்களாம்."

"ஏன்மா? பத்து மணின்னுதானே..."

"யாருக்குத் தெரியும். டாக்டர் வேற எங்கயோ போகணுமாம். கட்டிக்கு என்ன, எந்த மணியா இருந்தா என்ன." அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய பழைய புள்ளிகள். "பையை எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு துணி, சீப்பு, டவல். எடுத்து வெச்சு முடிச்சதும் உக்காந்துட்டேன். எனக்குப் பயமா இருக்கு பூனை."

அம்மா பயம் என்று சொல்லிப் பூனை கேட்டதில்லை. அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்மா. நான் பேசறேன்."

"கூடாது."

"அம்மா..."

"சொன்னா என்ன ஆகும்? மாட்சை முடிச்சுட்டு வருவாரு. அதானே? என் அண்ணனுக்கு அதைத்தான் பண்ணினாரு. எனக்கும் அதையே பண்ணிட்டாருன்னு வை, அப்புறம் அந்த மனுஷனைப் பத்தி நினைச்சுக்கக்கூட எனக்கு எதுவும் மிச்சமிருக்காது. இப்பவாவது, தெரியல அதனால வரலன்னு இருக்கும். அது போதும் எனக்கு. அந்த மயக்க மருந்து குடுக்கறப்போ அப்படி நினைச்சுக்கிட்டுக் கண்ணை மூடுவேன்."

அவள் எழுந்தாள். "நீ வேலையைப் பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பூனை ஹெட்போனைச் சரியாக மாட்டினாள்.

அப்பாவின் குரல் இல்லை.

கூட்டத்தின் இரைச்சல் மட்டும். லைன் விழுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இடது, வலது ஸ்லைடர்களைச் சட்டென்று ஏற்றி அந்த வெறுமையை மூடினாள். நான்கு வினாடி. ஐந்து.

"...பந்து வெளியே போயிருக்கிறது நேயர்களே" என்று அவர் குரல் வந்தது. பூனை மூச்சை விட்டாள். "வெள்ளைச் சட்டை அணியினர் உள்ளே எறியப் போகிறார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற நிலையில்..."

இரண்டுக்கு ஒன்றா?

முப்பது வருடங்களில் அவர் எண்ணிக்கையைத் தவறாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. காய்ச்சலோடு பேசியபோதுகூட இல்லை. திருத்துவதற்காக அவள் விரல் மேசை மைக்கின் அடிக்குப் போனது.

பொத்தான் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

பூனை நோட்டை நகர்த்தினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

*

கத்தி, கட்டி, பயம், அண்ணன், கண்ணை மூடுவேன். ஒன்று விடாமல் அவர் காதுக்குள் போயிருக்கிறது. பந்தைத் துரத்திக்கொண்டே அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

பொத்தானை விடுவிப்பதா வேண்டாமா என்றுகூடப் பூனைக்குத் தெரியவில்லை.

"ஒன்றுக்கு ஒன்று அப்பா" என்றாள்.

இரண்டு வினாடி கழித்து, "மன்னிக்க வேண்டும் நேயர்களே, ஒன்றுக்கு ஒன்று" என்றார்.

பெட்டியில் அவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அழுத்திக்கொள்வதற்கு. அப்போது அவர் குரல் வானொலிக்குப் போகாது, பூனைக்கு மட்டும் வரும். பந்தை எடுத்துவர யாரோ ஓடிய இடைவெளியில் அவர் அதை அழுத்தினார்.

"பூனை. காலைல ஏழரையா?"

அவள் சத்தியம் செய்திருந்தாள்.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்டது சரியான்னு மட்டும்."

பூனை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். அவர் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். நடுக் களத்தில் பந்து, ஏழாம் எண், நீண்ட உதை, காற்றில், இன்னும் காற்றில். குரலில் ஒரு கீறல் இல்லை. பூனைக்கு நெஞ்சு கசந்தது. அம்மா சொன்னது சரிதான். முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இந்த மனிதரைக் கட்டிப்போட்டிருப்பது அந்த வயர்தான், மூக்கணாங்கயிறு மாதிரி. அடுத்த பருவத்தில் அவர் கேட்டால், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டால், அவள் என்ன சொல்வாள்?

கடிகாரத்தில் ஆறு மணி ஐந்து நிமிடம்.

"நேயர்களே" என்றார் அப்பா.

அந்த 'நேயர்களே' வேறு மாதிரி இருந்தது. வேகம் இறங்கியிருந்தது.

"ஆட்டம் முடிய இன்னும் பதினைந்து நிமிடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று. எனக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. நான் கிளம்புகிறேன். மீதியை மைதானமே உங்களுக்குச் சொல்லும்."

ஹெட்போன் மேசையில் விழும் சத்தம். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். மரப்படிகளில் காலடிகள், வேகமாக, இன்னும் வேகமாக, பிறகு கூட்டத்துக்குள் கரைந்துபோயின.

"அப்பா!" பூனை மேசை மைக்கின் மேல் குனிந்தாள். "அப்பா, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுட்டுப் போங்க! அப்பா!"

இரண்டு வினாடி கழித்து அவளுடைய குரலே அவளுக்குத் திரும்பி வந்தது. மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து கசிந்து, பக்கத்து மைக்கில் விழுந்து, எறும்பு பேசுவதுபோல. எந்த ஆஸ்பத்திரின்னு. அப்பா.

அவள் அவருடைய ஸ்லைடரைக் கீழே இறக்கினாள். பொத்தானை விடுவித்தாள்.

*

இடது காதில் அஞ்சு நிமிஷம் கத்தினார். "என்னம்மா நடக்குது அங்க? எங்க போனாரு அந்த ஆளு? ஆளைப் பிடி! அஞ்சு நிமிஷத்துல எனக்கு ஒரு குரல் வேணும்!"

"குரல் இல்ல சார். ஆட்டம் இருக்கு."

"விளையாடறியா? நீயாவது பேசு!"

"எனக்கு எதுவும் தெரியாது சார். படம் இல்ல. பேசவும் வராது."

"அப்ப பாட்டைப் போடறேன்."

"போடாதீங்க" என்றாள் பூனை. தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "பதினஞ்சு நிமிஷம். அவரு மைதானம் சொல்லும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. சொல்ல வெக்கறேன்."

மறுமுனையில் என்ன நினைத்தாரோ, பாட்டு வரவில்லை.

அவளிடம் இரண்டு ஸ்லைடர்கள் மிச்சமிருந்தன. இடது கம்பம், வலது கம்பம். கூட்டத்தின் இரைச்சல் இடப்பக்கம் கனத்தால் இடதை ஏற்றினாள். பந்து அங்கே போகிறது என்று அர்த்தம். காலணிகள் புல்லை அறையும் சத்தம் கிட்டே வந்தது. கோல்காரன் யாரையோ திட்டினான். பிறகு ஒரு உதை, மொத்த இரைச்சலும் வலப்பக்கம் சாய்ந்தது. அவள் இடதை இறக்கி வலதை ஏற்றினாள். யாரோ மூச்சு வாங்குகிறார்கள். யாரோ "விடு விடு விடு" என்கிறார்கள். ஒரு கணம் எல்லா வாயும் மூடிக்கொண்டன.

டங்.

பந்து இரும்புக் கம்பத்தில் பட்ட சத்தம். அதன் பின்னால் பத்தாயிரம் பேரின் பெருமூச்சு.

ஊரெல்லாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது. பூனைக்கு இந்த அறையில் யாரும் இல்லை. எதிர்முனையில்கூட யாரும் இல்லை. ஆளில்லாத கூண்டும் ஆளில்லாத ஹெட்போனும்தான் இருந்தன. வேலை செய்கிற நேரத்தில் அப்படி ஒரு தனிமையை அவள் அதுவரை அறிந்ததில்லை.

கதவு திறந்தது.

அம்மா நின்றாள். கையில் செல்போன். அதிலிருந்து கிளம்பிய வயர் ஒன்று அவள் இடது காதில் போய் முடிந்தது.

பூனை அந்த வயரையே பார்த்தாள்.

செல்போனில் வானொலி அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும். அதனால் அம்மாவுக்கு எல்லாமே அரை நிமிடம் கழித்துத்தான் நடக்கிறது. 'டங்' இன்னும் அவளுக்கு விழுந்திருக்காது.

"அவரு போயிட்டாரா?" என்றாள் அம்மா.

"ம்."

"ரெண்டுக்கு ஒண்ணுன்னாரு. அப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. கணக்குல தப்பற ஆள் இல்லையே." பிறகுதான் அவள் பார்வை மேசை மைக்குக்குப் போனது. அங்கிருந்து மகளின் முகத்துக்கு வந்தது. "நான் பேசினது..."

"பொத்தானைத் தள்ளி வெச்சிருந்தேன். மறந்துட்டேன்மா. எல்லாம் அவருக்குக் கேட்டுடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அம்மா முக்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். கோபிப்பாள் என்று பூனை நினைத்தாள். அழுவாள் என்றும் நினைத்தாள். அம்மா இரண்டையும் செய்யவில்லை. காதில் மாட்டிய வயரோடு, அரை நிமிடம் பழைய ஆட்டத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு இடத்தில் அவள் தோள் துள்ளியது. கம்பத்தில் பந்து பட்டிருக்கும்.

*

ஒன்றுக்கு ஒன்று என்றே ஆட்டம் முடிந்தது. பூனை இரண்டு ஸ்லைடர்களையும் மெதுவாகக் கீழே கொண்டுவந்தாள். நிலையம் செய்திக்குப் போயிற்று.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நீயும் உங்கப்பாவும் ஆபீஸ்ல இருக்கணும்" என்றார் அஞ்சு நிமிஷம். "நிலையத்துப் பெரியவர் கேட்டாருன்னா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல." லைனைத் துண்டிக்கப் போனவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கம்பத்துச் சத்தம் நல்லா வந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாளைக் காலை பத்து மணி. ஏழரைக்கு அம்மா உள்ளே போயிருப்பாள். பத்து மணிக்கு வெளியே வந்திருப்பாளா என்பது டாக்டருக்கே தெரியாது.

"வேலை போயிடுமா அவருக்கு?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா."

"முப்பது வருஷம். நான் ஒரு தடவை பேசினதுல போச்சு." குரலில் வருத்தமா வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியவில்லை. "யாரு வரச் சொன்னா இவரை? அன்னிக்கு வர வேண்டியவரு அன்னிக்கு வரல. இன்னிக்கு யாரு கூப்பிட்டா?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தைந்து.

"ரயிலைப் பிடிச்சிருப்பாரா?"

"ஆறு அஞ்சுக்குக் கிளம்பினாரு. வண்டி கிடைச்சிருந்தா பிடிச்சிருப்பாரு."

"பிடிச்சிருந்தா பன்னண்டரைக்கு இங்க வந்து நிப்பாரு." அம்மா கணக்குப் போட்டாள். "நாம ஒன்பது மணிக்கே போயிடுவோம். பூட்டின கதவைத்தான் பாப்பாரு. தன்னை உள்ள விடாம நான் பூட்டிட்டுப் போயிட்டேன்னு நினைப்பாரு. திரும்பிப் போயிடுவாரு. அந்த ஆளை எனக்குத் தெரியும். ஒரு தடவை தட்டுவாரு, ரெண்டாவது தடவை தட்ட மாட்டாரு." நிமிர்ந்தாள். "எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னியா?"

"சொல்லத்தான் பாத்தேன். அதுக்குள்ள ஹெட்போனைக் கழட்டிட்டாரு."

"அப்ப நீ வீட்ல இரு. நான் தனியாப் போய்ப் படுத்துக்கறேன்."

"அதெல்லாம் முடியாதும்மா. கையெழுத்துப் போட ஆள் வேணும்னாங்க."

"அப்ப போன் போட்டுச் சொல்லு. ரயில்ல இருப்பாரு, எடுப்பாரு."

பதினோரு மாதங்களில் அம்மா இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பூனை தன் செல்போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். அழைப்பு போனது. ஒரு மணி. இன்னொரு மணி.

மேசை மேல் கழற்றி வைத்திருந்த ஹெட்போனுக்குள் ஏதோ முனகியது.

பூனை அப்பாவின் ஸ்லைடரைப் பார்த்தாள். நிலையம் போய்விட்டாலும் மைதானத்துப் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. லைன் திறந்தே இருந்தது. அவள் ஸ்லைடரை மேலே தள்ளினாள்.

கர்ர்ர்ர். கர்ர்ர்ர்.

"என்னடி சத்தம் அது?"

பூனை தன் காதிலிருந்த செல்போனையும் ஹெட்போனையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கே ஒரு மணி அடித்து, ஒரு வினாடி கழித்து, அங்கே ஒரு கர்ர்ர்.

"அப்பாவோட போன்மா. அங்கேயே மேசை மேல வெச்சுட்டுப் போயிருக்காரு. அதிருது."

அம்மா கை நீட்டி ஹெட்போனை எடுத்தாள். தலையில் மாட்டவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். கர்ர்ர். கர்ர்ர். அழைப்பு தானாக நின்றது. அதன் பிறகு கேட்டது காலியான அந்தக் கூண்டு மட்டும்தான். தொலைவில் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஹெட்போனை இறக்கவில்லை.

"இன்னொரு தடவை அடி" என்றாள்.